மலையடிச் சீமையின் கதை: அத்தியாயம் 17 – மாந்துவாவின் மேலாடையும் கோணான்குப்பத்துச் சேலையும்

பாரி மாய்ந்தபின் அவன் மகளிரைத் தம் பாதுகாப்பில் ஏற்றுக்கொண்டு பெண்ணையாற்றங்கரைக்கு வந்து சேர்ந்த கபிலரைப் பற்றியும், அவருள் ஒருத்தியை மலையமானுக்கு மணமுடித்துக் கொடுத்துத் தம் கடன் தீர்ந்தது என்று எண்ணியபின் அப்புலவர் தீப்புகுந்த பாறையைப் பற்றியும் சென்ற அத்தியாயத்தில் கண்டோம். இவ்வரலாற்றை உரைக்கும் முதலாம் இராசராசன் காலத்துத் திருக்கோவலூர்க் கல்வெட்டு, பாரிமகளைக் கபிலரிடம் அடைக்கலமாக வந்தவள் என்றே குறிக்கிறது. ஆதரவற்று வந்தவரைக் காப்பது இச்சீமையில் அரசர்க்கும் புலவர்க்கும் பொதுவான தர்மமாக விளங்கிற்று என்பதற்கு இதனினும் சிறந்த சாட்சியம் வேண்டுவதில்லை. அந்த தர்மத்தின் சின்னம் ஒன்று, பல நூற்றாண்டுகளுக்குப் பின், கடல் கடந்த ஒரு தேசத்துச் சித்திரக்காரர்களின் கையில் உருப்பெற்று, நம் மலையடிவாரத்து ஆற்றுப்புலத்திற்கு வந்து சேர்ந்து, இங்கே உடை மாறி நிலைபெற்ற விதத்தை இவ்வத்தியாயத்தில் எழுதுகிறேன்.

கல்வராயன் மலையின் சரிவுகளில் ஊறிக் கிழக்கு நோக்கி இறங்கும் மணிமுத்தாறு, விருத்தகிரீசுவரர் ஆலயத்தைத் தொட்டுக்கொண்டு ஓடிப் பின்னர் வெள்ளாற்றில் கலக்கிறது. அவ்வாற்றுப்புலத்தில், கள்ளக்குறிச்சிச் சீமையின் கிழக்கெல்லையை அடுத்து, பழைய முகாசாபரூர்ப் பாளையத்தின் பகுதியாக இருந்த சிற்றூர் கோணான்குப்பம். அங்கே எழுந்துள்ள பெரியநாயகி மாதா ஆலயத்தின் திருவுருவம், ஐரோப்பியக் கோயில்களில் நாம் காணும் மரியன்னையின் உருவத்தினின்றும் வேறுபட்டது. தமிழ்ப் பெண்ணின் சேலை உடுத்தி, தமிழ்ப் பெண்ணின் அணிகள் பூண்டு, குழந்தையை ஏந்தி நிற்கும் கோலம் அது. அதனை அமைப்பித்தவர் வீரமாமுனிவர் என்று நாம் அழைக்கும் கொன்ஸ்தாந்தினோ ஜோசப்பே பெஸ்கி என்பது கிறிஸ்தவர் மட்டுமன்றி அவ்வட்டாரத்து எல்லா மக்களும் அறிந்த செய்தி. ஆயினும் அவ்வுருவத்தின் கருத்தை முழுமையாக உணர வேண்டுமானால், அவர் பிறந்து வளர்ந்த நாட்டின் சித்திரக்கலையைச் சற்றே நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

பதினைந்தாம் நூற்றாண்டின் இத்தாலியில், சித்திரம் என்பது தனி மனிதரின் இன்பத்திற்காக மட்டும் எழுதப்படும் பொருளாக இருக்கவில்லை. ஊர்ச் சங்கங்களும் துறவியர் மடங்களும் சிற்றரசர்களும் தத்தம் பலிபீடங்களுக்காக ஓவியரோடு பத்திரம் எழுதிக்கொண்டு, இன்ன உருவம், இன்ன நிறம், இன்ன கூலி என்று வரையறுத்து எழுதுவித்தனர். சான்செப்போல்க்ரோ என்னும் சிறுநகரில் ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் தொண்டு புரிந்துவந்த இரக்கச் சங்கத்தார், 1445-ஆம் ஆண்டில் தம்மூர் ஓவியர் பியெரோ தெல்லா பிரான்செஸ்காவுடன் செய்துகொண்ட ஒப்பந்தம் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. அதில் கூலி 150 பொற்காசு என்றும், பியெரோவைத் தவிர வேறெவரும் தூரிகையைத் தொடலாகாது என்றும், நிறங்களிலெல்லாம் நீலம் முதல் தரமானதாக இருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. அந்நீலம் எளிதில் கிடைத்த பொருளன்று. ஆப்கானிஸ்தானத்தின் பதக்‌ஷான் மலைகளில் வெட்டிய கல்லை அரைத்து, கழுவி, பன்முறை வடித்து எடுத்த சாயம் அது. மரியன்னையின் மேலாடைக்கு அதனைப் பூசுவது, தம்மிடம் உள்ளதில் உயர்ந்ததை அவளுக்குச் சாத்துகிறோம் என்ற பக்தியின் வெளிப்பாடாகவே கருதப்பட்டது.

அச்சித்திரத்தில், பொன்தகட்டுப் பின்னணியின் முன்னே, அன்னை தன் மேலாடையை இரு கைகளாலும் விரித்து நிற்கிறாள். அவ்வாடையின் நிழலில், ஒருபுறம் ஆடவரும் மறுபுறம் பெண்டிருமாக ஊர்மக்கள் முழந்தாளிட்டிருக்கின்றனர். அவளுடைய உருவம் பேருருவாகவும் ஏனையோர் சிற்றுருவினராகவும் இருப்பதை, தூரத்தில் உள்ளவரையும் அருகில் உள்ளவரையும் கணித முறைப்படி எழுதக் கற்ற அந்த ஓவியரின் பிழை என்று எவரும் எண்ண வேண்டுவதில்லை. மூவுலகும் அளந்த திரிவிக்கிரமனைத் திருக்கோவலூரில் தரிசித்துப் பழகிய நம்மவர்க்கு, தெய்வத்தின் பேருருவுக்கு அளவுகோல் வேறு என்பது சொல்லாமலே விளங்கும். முழந்தாளிட்டோருள் ஒருவர் மட்டும் கருந்துணியால் முகம் முழுவதும் மூடியிருக்கிறார். செய்த தர்மம் இன்னாருடையது என்று பிறர் அறியலாகாது என்பதற்காக இரக்கச் சங்கத்தார் தொண்டுக்குச் செல்லும்போது அணியும் உடை அது. அந்த முகமற்ற ஒருவரை அன்னையின் ஆடைக்குள்ளே எழுதிவைத்த பியெரோவின் உள்ளத்தை நான் மிகவும் போற்றுகிறேன். உயர்குலப் பெண்டிர் தம் மேலாடையால் போர்த்திய எளியோருக்குப் பாதுகாப்பு உண்டு என்பது இடைக்கால ஐரோப்பாவின் பழைய வழக்கு. அவ்வழக்கே பக்தியில் புகுந்து, அன்னையின் ஆடையை அடைக்கலத்தின் அடையாளமாக்கிற்று.

இனி பெஸ்கி பயின்ற மாந்துவா நகருக்கு வருவோம். ஏரிகள் சூழ்ந்த அந்நகரைக் கொன்சாகா வம்சத்தார் ஆண்டனர். 1460-ஆம் ஆண்டு முதல் அவர்களுடைய ஆஸ்தான ஓவியராக இருந்தவர் அந்திரேயா மாந்தேஞா. 1495-ஆம் ஆண்டு ஜூலை மாதம் போர்னோவோ என்னும் இடத்தில், பிரெஞ்சு அரசன் எட்டாம் சார்லசின் படையை இத்தாலியர் கூட்டுப்படை எதிர்த்தபோது, அதற்குச் சேனாபதியாக நின்றவன் இரண்டாம் பிரான்செஸ்கோ கொன்சாகா. போரின் முடிவு இரு பக்கத்தாராலும் தத்தம் வெற்றியாகக் கொண்டாடப்பட்டது. உயிர் தப்பி வந்த பிரான்செஸ்கோ, தன்னைக் காத்தவள் மரியன்னையே என்று நம்பி, மாந்தேஞாவைக் கொண்டு ஒரு பலிபீடச் சித்திரம் எழுதுவித்தான். போர் நிகழ்ந்த நாளின் முதலாண்டு நிறைவில், 1496 ஜூலையில், அது நகர வீதிகளில் ஊர்வலமாகக் கொண்டுசெல்லப்பட்டுப் புதிய கோயிலில் நிறுவப்பட்டது. ‘வெற்றி அன்னை’ என்று பெயர் பெற்ற அச்சித்திரம் ஏறத்தாழ ஒன்பது அடி உயரமுள்ளது.

அதனை அங்கம் அங்கமாகப் பார்ப்பது தகும். இலையும் கனியும் செறிந்த கொடிப்பந்தலின் கீழ் அன்னை சிங்காசனத்தில் வீற்றிருக்கிறாள். மடியில் குழந்தை. கவசம் பூண்ட பிரான்செஸ்கோ காண்போர்க்கு இடப்பக்கத்தில் முழந்தாளிட்டு மேல்நோக்க, அவன் தலைக்குமேல் அன்னையின் வலக்கை நீள்கிறது. நம் சிற்பநூலோர் அபயம் என்று வகுத்த கருத்தையே அக்கரமும் உரைக்கிறது. இருபுறமும் அதிதூதர் மிக்கேலும் புனித ஜார்ஜும் நின்று அவளுடைய நீல மேலாடையின் ஓரங்களைப் பிடித்து விரிக்கின்றனர். அவர்களுக்குப் பின்னால், நகரின் காவலர்களாகிய அந்திரேயாவும் லோஞ்சினோவும் தலை மட்டும் தெரிய நிற்கின்றனர். கிறிஸ்துவின் விலாவை ஈட்டியால் குத்தியவர் என்று கூறப்படும் லோஞ்சினோ, அத்திரு இரத்தத்தில் ஒரு துளியை மாந்துவாவிற்குக் கொணர்ந்தார் என்பது அவ்வூர் ஐதிகம். சிங்காசனத்தின் அடிப்பீடத்தில், கல்லில் செதுக்கியதுபோல் ஆதாமும் ஏவாளும் கனியுண்ணும் கதை எழுதப்பட்டிருக்கிறது. முதற்பெண் இழந்ததை இப்பெண் மீட்டாள் என்பது அங்கே கருத்து. கீழே வீழ்ச்சியும் மேலே மீட்சியுமாக, ஒரே நேர்கோட்டில் கண் ஏறிச் செல்லும்படி ஓவியர் அமைத்திருக்கிறார்.

அக்கோட்டின் உச்சியில், பந்தலினின்று அன்னையின் தலைக்கு நேர்மேலே தொங்குவது செம்பவளத்தின் பெருங்கிளை ஒன்று. குழந்தைகளுக்குத் தீங்கு அணுகாதிருக்கப் பவளம் கட்டுவது இத்தாலியில் பழைய வழக்கம்; அதன் செந்நிறம் பின்னாளில் அக்குழந்தை சிந்தப்போகும் இரத்தத்திற்கு முன்னறிகுறியாகவும் கொள்ளப்பட்டது. நமக்கு இதில் வேறொரு சுவையும் உண்டு. மத்தியதரைக் கடலில் விளையும் அதே பவளத்தை, உரோமர் முத்தை மதிப்பதுபோல் இந்தியர் மதிக்கின்றனர் என்று பிளினி என்னும் உரோம ஆசிரியர் முதல் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் லிவோர்னோத் துறைமுகத்து யூத வணிகர் அதனைக் கோவாவிற்கு அனுப்பி, மாற்றாக வைரம் பெற்றனர். மாந்தேஞாவின் பந்தலில் தொங்கிய பொருளும் நம் பெண்டிரின் கழுத்தில் தவழ்ந்த பொருளும் ஒரே கடலில் பிறந்தவை.

பந்தலின் கொம்பிலே ஒரு வெண்கிளியும் அமர்ந்திருக்கிறது. மஞ்சட் கொண்டையுடைய அவ்வகைக் கிளி, சாவகத்திற்கும் பாலிக்கும் கிழக்கே உள்ள தீவுகளில் மட்டுமே இயற்கையாக வாழ்வது என்று இக்காலத்து ஆராய்ச்சியாளர் காட்டியிருக்கின்றனர். வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்தது 1498-இல். சித்திரமோ அதற்கு ஈராண்டு முந்தியது. ஆகவே அப்பறவை, அரபியரும் குஜராத்தியரும் தமிழரும் மலாய் மக்களும் கைமாற்றிக் கைமாற்றி நடத்திய நம் கடல்வாணிபத்தின் நெடுவழியில் எங்கேனும் ஒரு துறையில் இளைப்பாறித்தான் இத்தாலியை அடைந்திருக்க வேண்டும். தேவதூதர் அன்னைக்குச் சொன்ன வாழ்த்தைக் கிளியும் சொல்ல வல்லது என்ற நம்பிக்கையால் அதனை அவள் அருகில் எழுதினர். மீனாட்சியின் கரத்திலும் ஆண்டாளின் கரத்திலும் கிளியைக் கண்டு வணங்கும் நம் நாட்டார், அச்சித்திரத்தின் முன் நின்றால் அப்பறவை அங்கு வந்த காரணத்தைக் கேட்கவே மாட்டார்கள்.

இவ்வளவு அழகிய சித்திரத்தின் பின்னே ஓர் அநீதியும் இருக்கிறது. அதனைச் சொல்லாமல் விடுவது வரலாறு எழுதுவோனுக்கு அழகன்று. தானியேலே த நோர்சா என்னும் யூத வணிகர் மாந்துவாவில் வாங்கிய வீட்டின் முகப்புச் சுவரில் அன்னையின் உருவம் ஒன்று எழுதப்பட்டிருந்தது. திருச்சபை அதிகாரியின் அனுமதியைப் பெற்ற பின்னரே அவர் அதனை அழித்தார். ஆயினும் கும்பல் கூடி அவர் வீட்டைத் தாக்கிற்று. அரசனும் அவரைக் காவாமல், அழித்த உருவத்திற்கு ஈடாகப் புதிய சித்திரத்தின் செலவு 110 பொற்காசையும் அவரே கட்ட வேண்டும் என்று விதித்தான். பிறகு அவ்வீட்டையும் இடித்து, அந்த மனையிலேயே கோயிலை எழுப்பினர். அடைக்கலத்தின் அடையாளமாகிய அந்நீல ஆடைக்கு விலை கொடுத்தவர் அதன் நிழலில் இடம் பெறவில்லை. மாந்துவாவின் வேறொரு சித்திரத்தில், நோர்சா குடும்பத்தார் அன்னையின் பீடத்தின் கீழ், யூதர் என்று காட்டும் மஞ்சள் அடையாளத்துடன், தலைகவிழ்ந்து நிற்குமாறு எழுதப்பட்டிருக்கின்றனர். கலையின் பெருமையைப் பேசும் நூல்கள் பல இதனை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. எனக்கு அவ்வாறு கடக்க இயலவில்லை. சின்னம் எவ்வளவு தூயதாயினும், அதனை ஏந்துவோரின் கை தூயதா என்பதையும் உடன் கேட்க வேண்டியிருக்கிறது.

அந்த மாந்துவாவிற்கு அண்மையில், கஸ்திலியோனே என்னும் ஊரில், 1680-ஆம் ஆண்டு பெஸ்கி பிறந்தார். மாந்துவாவில் இயேசு சபையார் நடத்திய பள்ளியில் பயின்று, 1698-இல் அச்சபையில் சேர்ந்தார். அவர் மாணவராக இருந்த அந்நாட்களில் ‘வெற்றி அன்னை’ அந்நகரின் பலிபீடத்திலேயே இருந்தது. 1797-இல் நெப்போலியனின் படை நகரைக் கைப்பற்றிய பின்னரே அது பாரிசுக்குப் போயிற்று. 1710-இல் கோவாவில் இறங்கிய அவர், அடுத்த ஆண்டு தமிழகம் புகுந்தார். செஞ்சிக் கோட்டை மொகலாயர் வசம் போய்ப் பதின்மூன்று ஆண்டுகளே கழிந்திருந்த காலம் அது. தேசிங்கு 1714-இல் போரில் விழுந்தான். நவாபின் படைகளும் பாளையக்காரர் படைகளும் மாறிமாறிக் கடந்த இந்நிலத்தில், குடியானவன் எவரிடம் அடைக்கலம் புகுவது என்று தெரியாமல் தவித்தான்.

ஐரோப்பாவின் மரியன்னைச் சித்திரங்கள் அதற்கு முன்பே இந்நாட்டை அடைந்திருந்தன. லூக்கா நற்செய்தியாளரே எழுதியது என்று பக்தியோடு போற்றப்படும் உரோமாபுரித் திருவுருவத்தைப் படியெடுக்க, இயேசு சபைத் தலைவர் பிரான்சிஸ் போர்ஜா 1569-இல் பாப்பரசரின் அனுமதியைப் பெற்றார். அப்படிகளுள் ஒன்று 1580-இல் பத்தேபூர் சிக்ரியில் அக்பரின் முன் வைக்கப்பட்டபோது, அச்சக்கரவர்த்தி அதற்கு வணக்கம் செலுத்தினார். பரங்கிமலைக் கோயிலிலும் லூக்காவின் கைவண்ணம் என்று மரபு கூறும் பழஞ்சித்திரம் ஒன்று உண்டு. ஆனால் இவையெல்லாம் மேனாட்டு உடையில் வந்த அன்னையர்.

உடையை மாற்றுவது எளிய காரியமன்று. திரெந்துச் சங்கம் 1563-இல் விதித்த சட்டப்படி, வழக்கத்திற்கு மாறான எந்தத் திருவுருவத்தையும் ஆயரின் ஒப்புதலின்றி எந்த ஆலயத்திலும் வைக்கலாகாது. அச்சட்டத்தின் விளைவினின்று பேரோவியர்களும் தப்பவில்லை. வெனிசு நகரத்து வெரொனேசே தாம் எழுதிய இறுதி விருந்துச் சித்திரத்தில் கோமாளியையும் போர்வீரரையும் சேர்த்ததற்காக 1573-இல் விசாரணைக்கு அழைக்கப்பட்டு, இறுதியில் சித்திரத்தின் பெயரையே மாற்றினார். இங்கேயோ, பாப்பரசரின் தூதர் தூர்னோன் 1704-இல் புதுச்சேரியில் பிறப்பித்த ஆணை, தாலியில் பிள்ளையார் உருவம் பொறித்தல் முதலிய தமிழ் வழக்கங்கள் பலவற்றைக் கிறிஸ்தவர்க்கு விலக்கியிருந்தது. அந்தச் சூழலில்தான் பெஸ்கி, தமிழ்ப் பெண்ணின் கோலத்தில் அன்னையை ஓவியமாக எழுதுவித்து, மயிலை ஆயரின் இசைவைப் பெற்று, அதன்படி பிரதிமை செய்ய மணிலா நகருக்கு அனுப்பினார் என்று கோணான்குப்பத்து மரபு கூறுகிறது. மணிலா ஏன் என்று வாசகர் வினவலாம். ஸ்பானியர் ஆண்ட அந்நகரில் குடியேறிய சீனத் தச்சர், மரத்திலும் தந்தத்திலும் புனிதர் உருவங்களைச் செதுக்குவதில் பெயர்பெற்றிருந்தனர். மணிலாவிற்கும் நம் சோழமண்டலக் கரைக்கும் இடையே வணிகக் கப்பல்கள் ஓடிக்கொண்டிருந்தன. பரங்கிமலைக்குப் படி கட்டிய ஆர்மீனிய வணிகர் பெத்ருஸ் உஸ்கான் மணிலா வாணிபத்தில் பொருள் ஈட்டியவரே.

அதற்கு முன் நிகழ்ந்ததாக அவ்வூரார் வழிவழியாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. பெஸ்கி கொண்டுவந்த சிறு திருவுருவம் ஒன்று காட்டில் தவறிப்போக, அது பின்னர் ஆடுமாடு மேய்க்கும் சிறுவர் கையில் அகப்பட்டது. பிள்ளைப்பேறின்றி வருந்திய முகாசாபரூர்ப் பாளையக்காரர் கச்சிராயரின் கனவில் அன்னை தோன்றித் தனக்கு ஆலயம் எடுக்கும்படி பணித்தாள். அவர் கட்டிய ஆலயத்திலேயே முனிவர் தாம் இழந்ததை மீண்டும் கண்டார் என்பது அக்கதை. நாளும் ஆண்டும் காட்டி இதனை நிறுவ முயல்வது வீண். மண்ணின் மக்கள் ஒரு தெய்வத்தை ஏற்றுக்கொண்டதை எப்படி நினைவில் வைத்தனர் என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது. கனவும் மேய்ப்பரும் பிள்ளைவரமும் நம் தலபுராணங்களின் நடை. விருத்தாசலத்து அம்பிகையின் திருநாமமாகிய பெரியநாயகி என்பதையே முனிவர் அன்னைக்குச் சூட்டியதும் அந்நடையை அறிந்து செய்ததுதான்.

1726-இல் அவர் முடித்த தேம்பாவணி, 3 காண்டமும் 36 படலமும் 3,615 பாடலுமாக விரிந்து, யோசேப்பைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது. ஸ்பானியத் துறவினி ஆகிரேதா மரியாளின் நூலைத் தழுவிய அக்கதையில், யூதேயா நாட்டின் நதியும் வயலும் மருத நிலத்துச் செழிப்போடு வருணிக்கப்படுகின்றன. சேலை உடுத்திய திருவுருவமும் தேம்பாவணியும் ஒரே உள்ளத்தின் இரு சிருஷ்டிகள். ஏலாக்குறிச்சியில் அவர் எடுத்த கோயிலுக்கு அடைக்கல மாதா என்றே பெயரிட்டு, அவ்வூரைத் திருக்காவலூர் எனப் பாடிக் கலம்பகமும் இயற்றினார். பியெரோவின் சித்திரத்தில் விரிந்த நீல ஆடையின் கருத்து, இங்கே ஆடையாக அன்றி நாமமாகவே நின்றது. மேலாடை அணியாத நாட்டில் மேலாடையை விரித்துக் காட்டி என்ன பயன்? சேலையின் முந்தானையைப் பற்றிக்கொண்டு தாயின் பின்னே நிற்கும் குழந்தையை நம் வீடுகளில் யார் கண்டதில்லை!

தூர்னோனின் ஆணையைப் பற்றி இன்னும் ஒரு சொல் கூற வேண்டும். தமிழ் வழக்கங்களை விலக்கிய பகுதியில் அது இம்மக்களை அறியாதார் எழுதியது என்றே கருதுகிறேன். ஆனால் அதே ஆணை, பறையர் இல்லங்களில் நோயுற்றுக் கிடப்போரைக் குருக்கள் நேரில் சென்று காண வேண்டும் என்றும் கட்டளையிட்டது. சாதி குலையுமே என்று அஞ்சி அவ்வில்லங்களின் வாசலை மிதியாதிருந்த வழக்கம் இயேசு சபையாரின் மதுரை மிஷனில் இருந்ததனால்தான் அக்கட்டளை வேண்டியிருந்தது. மாந்துவாவில் நோர்சா நின்ற இடத்திலேயே இங்கு அவ்வில்லத்தார் நின்றனர். சேலை உடுத்திய அன்னையைப் போற்றும்போது இதனையும் மறவாமல் எழுதிவைப்பது நம் கடமை. 1744-இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் வெளியிட்ட இறுதித் தீர்ப்பும் அக்கட்டளையை உறுதிப்படுத்திற்று. ஆயினும் கோயில்களுக்குள்ளே சாதிக்கொரு பக்கம் என்ற பிரிவு அதன்பின்னும் தமிழகத்தில் பன்னெடுங்காலம் நீடித்தது.

கோணான்குப்பத்தில் ஆண்டுதோறும் தை மாதத்தில் திருவிழா நிகழ்கிறது. அறுவடை முடிந்த குடியானவர்கள் கிறிஸ்தவர், இந்து என்ற வேறுபாடின்றி வண்டி கட்டிக்கொண்டு வந்து கூடுவது பழைய வழக்கம். அவ்விழாவின் தொடக்கக் காலத்தோடு பிணைந்தது முகாசாபரூர்க் கச்சிராயரின் பாளையப்பட்டு வரலாறு. நவாபுக்கும் ஐரோப்பியருக்கும் இடையே அப்பாளையம் பட்ட பாட்டை அடுத்த அத்தியாயத்தில் காண்போம்.